வெட்டிய காடும் அழித்த காடும்

வெப்பமண்டல மழைக்காட்டில் மரம் வெட்டுவதும் அதே காட்டை அழித்துப் பயிரிடுவதும் காட்டுயிர்களுக்கு ஒரே அளவு கேடுதானா, வெட்டிய காட்டை அப்படியே விட்டுவைத்தால் போன விலங்குகள் திரும்பிவிடுமா, மரங்கள் கலந்த தோட்டம் காட்டுக்கு ஈடாகுமா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. முதல் கேள்விக்கு இல்லை என்பதே நேரான விடை. மரம் வெட்டப்பட்ட காடு, ஓரளவு சிதைந்திருந்தாலும், பெரும்பாலான உயிர்களுக்கு இன்னும் காடுதான். பயிர்நிலமாக்கப்பட்ட காடு அவற்றில் பெரும்பாலானவை வாழத் தகுந்த இடமே அன்று. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வெட்டிய காட்டைப் பார்த்து, 'இது கெட்டுப்போன காடு, இனி இதில் காப்பதற்கு என்ன இருக்கிறது' என்று முடிவுகட்டி அதைத் தோட்டமாக்க அனுமதிப்பது தென்கிழக்கு ஆசியாவில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. அங்கே காட்டுயிர் இழப்பின் மிகப் பெரிய பங்கு அந்த ஒரு முடிவில்தான் நேர்ந்தது என்பது என் கருத்து.

வெப்பமண்டலக் காடுகளில் வணிகத்துக்காக நடக்கும் மரவெட்டு பெரும்பாலும் காட்டை முழுவதுமாக மொட்டையடிப்பதில்லை. விலைபோகும் இனங்களில் குறிப்பிட்ட பருமனைத் தாண்டிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டி எடுத்துப்போகிறார்கள். நடு ஆப்பிரிக்கக் காடுகளில் ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மரங்கள் வெட்டப்படுவதே வழக்கம். தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவில் நிலை வேறு. அங்கே காட்டின் மேல்விதானத்தை டிப்டெரோகார்ப் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நெட்டையான, நேரான மரங்கள் ஆள்வதால், ஒரே ஹெக்டேரில் பத்து மரங்கள்வரையும் அதற்கு மேலும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் வெட்டிய மரங்களின் எண்ணிக்கையை வைத்துச் சேதத்தை அளந்துவிட முடியாது. ஒரு பெருமரம் சாயும்போது கொடிகளால் அதனோடு பிணைந்திருக்கும் அண்டை மரங்களும் சேர்ந்து சாய்கின்றன. அதை இழுத்துவரும் இயந்திரம் வழியிலுள்ள கன்றுகளை நசுக்கி மண்ணையும் இறுக்கிவிடுகிறது. அதே தீவிலுள்ள மலேசியாவின் சபா மாநிலத்தில் 1990களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வழக்கமான முறையில் வெட்டிய இடங்களில் வெட்டப்படாத மரங்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 41 அழிந்திருந்தன. கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிட்டு, மரம் விழவேண்டிய திசையைத் தீர்மானித்து, இழுவைப் பாதைகளைத் திட்டமிட்டு வெட்டிய இடங்களில் அந்த அளவு ஏறத்தாழ 15 ஆகக் குறைந்தது. வெட்டுகிற கையின் கவனத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

விதானத்தில் திறப்பு விழுந்தவுடன் காட்டின் உட்புறம் மாறத் தொடங்குகிறது. வெயில் தரையை எட்டுகிறது, ஈரப்பதம் குறைகிறது, பகலின் உச்ச வெப்பம் ஏறுகிறது. இதை முதலில் உணர்பவை தரையை ஒட்டிய இருளிலேயே வாழப் பழகிய உயிர்கள். சருகுகளுக்கிடையே பூச்சி தேடும் சிறு பறவைகள், ஈரத்தோலால் மூச்சுவிடும் தவளைகள், நிழலில் மட்டும் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் ஆகியவை குறைகின்றன. அடுத்து, முதுமரங்களை நம்பி வாழ்பவை பாதிக்கப்படுகின்றன. இருவாச்சிப் பறவை தானாகப் பொந்து குடைவதில்லை. கிளை ஒடிந்து உளுத்துப்போன பெருமரத்தின் பொந்தில் பெண் பறவை புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சிறு பிளவின் வழியே ஆண் பறவை வாரக்கணக்கில் இரை ஊட்டுகிறது. அவ்வளவு பெரிய உடல் அடங்கும் பொந்து, பல தலைமுறை வயதான மரத்தில்தான் அமையும். மரவெட்டுக்காரர் தேடுவதும் பெரும்பாலும் அதே பருமனுள்ள மரத்தைத்தான்.

இழப்பவை இருப்பதுபோல, பெறுபவையும் இருக்கின்றன. திறந்த இடங்களில் இளந்தளிரும் புல்லும் செழிக்கின்றன. நிழலில் மெல்ல வளரும் மரங்கள் தம் இலைகளைக் கடினமாகவும் நச்சுப்பொருள்கள் நிறைந்தவையாகவும் ஆக்கிக்கொள்கின்றன. வெளிச்சத்தில் விரைந்து வளரும் செடிகளுக்கு அந்தத் தற்காப்பு குறைவு, எனவே அவை தின்னத் தகுந்தவை. போர்னியோவின் காட்டு யானையும் மிளாவும் வெட்டிய காட்டில் நன்றாகவே மேய்கின்றன. சபாவில் பழங்காடு, வெட்டிய காடு, எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு ஒன்று, பறவைகளும் பாலூட்டிகளும் உணவின் வழியே பெறும் மொத்த ஆற்றல் பழங்காட்டைவிட வெட்டிய காட்டில் ஏறத்தாழ 2.5 மடங்கு இருந்ததைக் கண்டது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அந்த ஆற்றல் வழிகளில் பெரும்பாலானவை சரிந்து, மிச்சமிருந்த சிலவும் ஒருசில இனங்களையே நம்பி நின்றன. வெட்டிய காட்டைச் செத்த காடு என்று எண்ணுவோர் இந்த முடிவை ஆழ்ந்து கருத வேண்டும்.

அதற்காக, வெட்டுவது நல்லதுதான் என்று படித்துவிடக் கூடாது. விலங்குகளின் எண்ணிக்கை கூடுவதும் இனங்கள் நிலைத்திருப்பதும் வெவ்வேறு செய்திகள். வெட்டிய காட்டில் பறவையினங்களின் மொத்த எண்ணிக்கை சில சமயம் கூடுவதுகூட உண்டு. ஆனால் கூடுபவை எங்கும் வாழக்கூடிய பொது இனங்கள், குறைபவை அந்தக் காட்டைத் தவிர வேறு புகலில்லாத இனங்கள். வெப்பமண்டல நாடுகள் பலவற்றின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை ஒன்று, ஹெக்டேருக்கு 38 கனமீட்டர் மரம் எடுக்கப்படும்போது பாலூட்டி இனங்களும், 63 கனமீட்டர் எடுக்கப்படும்போது தவளை முதலிய நீர்நில வாழ்வனவும் பாதியாகக் குறையும் என்று மதிப்பிட்டது. ஆகவே வெட்டலாமா கூடாதா என்பதோடு எவ்வளவு வெட்டுகிறோம் என்பதும் சம அளவு முக்கியமாகிறது.

இதோடு பொருந்தாததுபோல் தோன்றும் இரண்டு முடிவுகள் 2011இல் வெளியாயின. ஒன்று, 138 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, பல்லுயிர் வளத்தைக் காப்பதில் தீண்டப்படாத பழங்காட்டுக்கு ஈடு எதுவும் இல்லை என்று கண்டது. மற்றொன்று, சபாவில் இருமுறை வெட்டப்பட்ட காடுகளில்கூட, பழங்காட்டில் காணப்பட்ட பறவை இனங்களிலும் சாண வண்டு இனங்களிலும் நூற்றுக்கு 75க்கு மேல் நீடித்திருப்பதைக் கண்டது. இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை. இன்று வெப்பமண்டலத்தில் தீண்டப்படாத காட்டைக் காட்டிலும் ஏதோ ஒரு வகையில் கைப்பட்ட காடே மிகுதியாக இருக்கும் பகுதிகள் பல. அங்கே பழங்காட்டை மட்டும் காப்போம் என்று நின்றுவிட்டால், எஞ்சியுள்ள உயிர்களில் பெரும்பகுதியைக் கைவிட நேரும்.

இனி வேளாண்மை. எண்ணெய்ப்பனை மிக நன்றாக ஆராயப்பட்டிருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உயிரினக் குழுக்கள் பலவற்றின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பழங்காட்டில் பதிவான இனங்களில் சராசரியாக நூற்றுக்கு 15 மட்டுமே எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் காணப்பட்டதாகக் கூறியது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, பழங்காடு தோட்டமானபோது காட்டுப் பறவை இனங்கள் நூற்றுக்கு 77 குறைந்ததையும், ஏற்கெனவே வெட்டப்பட்ட காடு தோட்டமானபோதும் 73 குறைந்ததையும் காட்டியது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெட்டிய காட்டைத் தோட்டமாக்கினால் இழப்பு சிறிதாகத்தான் இருக்கும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. காட்டில் தரைமுதல் உச்சிவரை பல அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் வெப்பமும் ஈரமும் ஒளியும் உணவும் வேறுபடுகின்றன. தோட்டத்தில் ஒரே வயதுடைய ஒரே இனம், ஒரே உயரத்தில், சீரான இடைவெளியில் நிற்கிறது. பகலின் உச்ச வெப்பம் பழங்காட்டைவிட 6.5 பாகை செல்சியஸ்வரை கூடுதலாக இருந்ததை அளந்திருக்கிறார்கள். அத்தி மரம் இல்லை, பொந்து இல்லை, உளுத்த கட்டை இல்லை, கொடிப்பாலம் இல்லை. இருபத்தைந்து ஆண்டு அளவில் அந்த மரங்களும் அழிக்கப்பட்டு மறுநடவு தொடங்குகிறது. அங்கே செழிப்பவை எலிகளும் அவற்றை வேட்டையாடும் சிறுத்தைப்பூனையும் சில பாம்புகளும்தான். மேய்ச்சல் நிலமும் சோயா வயலும் காட்டுயிர்களுக்கு இதைவிடவும் வெறுமையானவை. அமேசானில் அழிக்கப்பட்ட காட்டின் பெரும்பகுதி மாடு மேய்க்கும் புல்வெளியாகத்தான் ஆகியிருக்கிறது.

பயிர்நிலத்தின் விளைவு அதன் எல்லையோடு நின்றுவிடுவதும் இல்லை. இதற்கு மலேசியத் தீபகற்பத்தின் பாசோ காட்டைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்தக் காட்டில் வாழும் காட்டுப்பன்றிகள் இரவில் தோட்டத்துக்குப் போய்ப் பனம்பழங்களைத் தின்று பெருகின. குட்டி ஈனும் தாய்ப்பன்றி இளமரக் கன்றுகளை ஒடித்துக் குவித்துப் படுக்கை அமைப்பது அதன் இயல்பு. பன்றிகள் பெருகியபோது ஒடிபடும் கன்றுகளும் பெருகி, தோட்ட விளிம்பிலிருந்து 1.3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காட்டின் உட்பகுதியில்கூடச் சிறு கன்றுகளின் எண்ணிக்கை 24 ஆண்டுகளில் நூற்றுக்கு 62 குறைந்தது. அந்த உட்பகுதிக்குள் கோடரி நுழையவில்லை. ஆயினும் அதன் அடுத்த தலைமுறை வேலிக்கு வெளியே விளைந்த ஒரு பழத்தால் தேய்ந்துகொண்டிருந்தது.

காடு துண்டுகளாக எஞ்சும்போது நடப்பதை நமக்கு மிக நுட்பமாகக் கற்பித்தது பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வு. அப்பகுதி நில உரிமையாளர்கள் தங்கள் காட்டில் பாதியை அழிக்காமல் விடவேண்டும் என்று அன்றைய சட்டம் விதித்திருந்தது. விடப்படும் பகுதிகளில் சிலவற்றை 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகளாக விடச் செய்து, தனிமைப்படுவதற்கு முன்னும் பின்னும் அவற்றின் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். 100 ஹெக்டேர் துண்டுகள்கூட, 15 ஆண்டுகளுக்குள் காட்டின் கீழடுக்கில் வாழும் பறவை இனங்களில் ஏறத்தாழ பாதியை இழந்தன. விளிம்பிலிருந்து 300 மீட்டருக்குள் நின்ற பெருமரங்கள், உட்காட்டு மரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக மடிந்தன. காற்றும் வறட்சியும் கொடிகளின் பெருக்கமும் அவற்றை வீழ்த்தின.

அந்த ஆய்வில் வெளிப்பட்ட இரண்டு தொடர்விளைவுகளை மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எண்கள் காட்டாத ஒன்றை அவை காட்டுகின்றன. படையெடுத்துச் செல்லும் எறும்புகள் சருகுகளைக் கலைக்கும்போது வெளியே ஓடிவரும் பூச்சிகளைப் பிடித்தே வாழும் பறவைகள் அமேசானில் உண்டு. ஒரு எறும்புக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 30 ஹெக்டேர் காடு வேண்டும். அந்தக் கூட்டமும் சில வாரங்கள் நாள்தோறும் அணிவகுத்துச் சென்று, பிறகு சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. ஆகவே பறவைக்கு ஒரு கூட்டம் போதாது. ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றொன்றைத் தொடர்ந்து செல்லப் பல கூட்டங்கள் தேவை, அத்தனை கூட்டங்களையும் தாங்கும் பரந்த காடும் தேவை. சிறு துண்டுகளில் எறும்புகள் போயின, பறவைகளும் உடன் போயின. இன்னொன்று பன்றி போன்ற பெக்காரி விலங்கைப் பற்றியது. அது உருண்டு புரளும் சேற்றுக் குழிகளில் தேங்கும் நீரில் சில தவளை இனங்கள் முட்டையிடுகின்றன. துண்டுகளிலிருந்து பெக்காரிகள் மறைந்ததும் குழிகள் வற்றின, அந்தத் தவளைகளும் இல்லாமல் போயின. அந்தத் தவளைகளுக்கு வேண்டிய மரங்களும் மழையும் அப்படியே இருந்தன. குழி தோண்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

மரவெட்டையும் வேளாண்மையையும் இணைக்கும் கண்ணி சாலை. மரம் ஏற்றும் வண்டிகளுக்காகப் போடப்படும் சாலை, வெட்டு முடிந்த பின்னும் கிடக்கிறது. அதன் வழியே வேட்டைக்காரரும் குடியேறுவோரும் தீயும் உள்ளே வருகிறார்கள். அமேசானில் நடந்த காட்டழிப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 95, ஏதேனும் ஒரு சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நடந்திருப்பதாக 2014இல் கணக்கிடப்பட்டது. நடு ஆப்பிரிக்காவில் 2002க்கும் 2011க்கும் இடையே காட்டு யானைகள் நூற்றுக்கு 62 குறைந்தன. தந்தத்துக்காகக் கொன்றதே அதற்குக் காரணம், கொல்லுவோருக்கு வழிவிட்டவற்றுள் மரவெட்டுச் சாலைகளும் அடங்கும். போர்னியோவின் ஒராங்குட்டான் கதையும் இதுவே. இந்த விலங்கு வெட்டிய காட்டிலும் கூடுகட்டிப் பழம் தேடி வாழக்கூடியது. சபாவின் கினபத்தாங்கன் ஆற்றங்கரையில் பலமுறை வெட்டப்பட்ட காடுகளில் இன்றும் வாழ்கிறது. ஆயினும் 1999க்கும் 2015க்கும் இடையே போர்னியோவில் 1,00,000க்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் அழிந்திருக்கும் என்று 2018இல் மதிப்பிட்டார்கள். காடு அழிந்த இடங்களில் வீழ்ச்சி மிக வேகமாக இருந்தபோதிலும், எண்ணிக்கையில் பெரும் இழப்பு காடு இன்னும் நிற்கும் இடங்களில் நேர்ந்திருந்தது. அங்கே கொல்லப்படுவதே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் ஒரு குட்டி ஈனும் விலங்கு, ஆண்டுக்குச் சில கொலைகளைக்கூடத் தாங்காது.

பெரிய விலங்குகள் போனபின் காடு பார்வைக்குப் பசுமையாகவே நிற்கும். ஆனால் பெரிய விதைகளை விழுங்கித் தொலைவில் இடும் வாய்கள் அங்கே இல்லை. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில், பெருந்தூக்கான் போன்ற அகன்ற அலகுடைய பறவைகள் மறைந்த துண்டுகளில் ஒரு பனை இனத்தின் விதைகள் சிறுத்துப்போயிருப்பதை 2013இல் கண்டறிந்தார்கள். சிறிய அலகுப் பறவைகளால் பெரிய விதைகளை விழுங்க முடியாததால் சிறு விதைகள் மட்டுமே பரவின. அந்த மாற்றம் நூறாண்டு அளவிலேயே நிகழ்ந்திருக்கக்கூடும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஈரமான பழங்காடு எளிதில் பற்றாது. வெட்டிய காட்டில் உலர்ந்த கிளைகள் குவிந்திருக்கும், தரையில் வெயில் விழும். 1982-83 எல் நினோ வறட்சியில் போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கிழக்குக் கலிமந்தானில் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோது, வெட்டிய காடுகளே மிகக் கடுமையாகச் சேதமடைந்தன. நிலத்தைத் துப்புரவாக்க அருகிலுள்ள வயலில் வைக்கும் தீ இதற்கு வித்தாகிறது.

மரங்கள் கலந்த தோட்டம் காட்டுக்கு ஈடாகுமா என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மரநிழலில் வளர்க்கும் கோகோ, காப்பித் தோட்டங்கள், திறந்த வெயிலில் வளர்க்கும் தோட்டங்களைவிட எத்தனையோ மடங்கு மேலானவை. பிரேசிலின் பாகியா மாநிலத்தில் பழைய காட்டு மரங்களின் அடியில் கோகோ வளர்க்கும் முறை இருக்கிறது; அங்கே பொன்தலை டாமரின் குரங்கு வாழ்கிறது. ஆனாலும் அத்தகைய தோட்டங்களில் காணப்படும் உயிர்களில் பல, அருகே காடு இருப்பதால்தான் அங்கே வருகின்றன. கானாவிலும் வட இந்தியாவிலும் பறவைகளையும் மரங்களையும் ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, ஒரே அளவு விளைச்சல் வேண்டுமானால் குறைந்த நிலத்தில் நிறைய விளைவித்துக் காட்டை முழுமையாக விட்டுவைப்பதே அதிக இனங்களுக்கு நன்மை என்று கண்டது. அதை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: விளைச்சல் கூடினால் ஆதாயமும் கூடும், ஆதாயம் கூடினால் இன்னும் காட்டை அழிக்கும் ஆசையும் கூடும், மிச்சப்படும் காட்டைச் சட்டம் உறுதியாகக் கட்டிக்காத்தாலொழிய அந்தக் கணக்கு தாளோடு நின்றுவிடும்.

வெட்டிய காடு எந்த அளவுவரை காக்கத் தக்கது என்பதற்கும் இப்போது ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. சபாவில் 1,600க்கும் மேற்பட்ட இனங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, தாவர எடையில் நூற்றுக்கு 29க்குக் குறைவாக இழந்த காடுகள் தாமே மீளும் ஆற்றலோடு உயர்ந்த மதிப்புடன் இருப்பதையும், 68க்கு மேல் இழந்தவற்றுக்கு மனித முயற்சி பெரிதாகத் தேவைப்படுவதையும் காட்டியது. இடைப்பட்டவற்றைக் கைவிடுவதற்கு இதில் எந்த ஆதரவும் இல்லை.

போன விலங்குகள் திரும்பி வருமா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை, என்ன செய்தபின் விட்டுவைத்தோம் என்பதைப் பொறுத்தது. மனாவுஸ் துண்டுகளைச் சுற்றிலும், வெட்டப்பட்டும் எரிக்கப்படாத இடங்களில் செக்ரோப்பியா மரங்கள் விரைந்து வளர்ந்து நிழல் தந்தன. எறும்பைத் தொடரும் பறவைகள் சில ஆண்டுகளில் அவ்வழியே துண்டுகளுக்குத் திரும்பின. எரித்து மாடு மேய்த்த இடங்களில் விஸ்மியா என்னும் இனமே மண்டி, காடு மீள்வது நெடுங்காலம் தேங்கிவிட்டது. அமெரிக்க வெப்பமண்டலத்தில் கைவிடப்பட்ட நிலங்களை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வின்படி, மர இனங்களின் எண்ணிக்கை 20 ஆண்டுகளில் பழங்காட்டின் நூற்றுக்கு 80 அளவை எட்டிவிடுகிறது; ஆனால் எந்தெந்த இனங்கள் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்ற சேர்க்கை பழையபடி அமையப் பல நூற்றாண்டுகள் ஆகும். தளிர் தின்னும் மிளா ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும், பழம் தின்னும் பறவைகள் பத்திருபது ஆண்டுகளில் வரும், அருகில் அவை உயிரோடு இருந்தால். அத்தி பழுத்தால் இருவாச்சியும் உண்பதற்கு வந்துபோகும். அது முட்டையிட, ஒரு பெருமரம் மூத்து, கிளை ஒடிந்து, உள்ளே உளுத்துப் பொந்து விழும்வரை காத்திருக்க வேண்டும்.